நாள் குறிப்பது யார்?

முத்துக்குளித்துறையின் வரலாற்றில் பெண்ணைத் தேடிப் போனால், ஒரு கயிற்றின் நுனியில்தான் அவள் அகப்படுகிறாள். கடலுக்குள் மூழ்குபவரின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவர் அவருடைய மச்சானாக இருக்க வேண்டும் என்று எங்கள் கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது அவர் கயிற்றை விடமாட்டார் என்பது நம்பிக்கை. அவளை நம்பித்தான் தொழில் நடந்தது. ஆனால் பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியதா என்று பார்த்து, குளிப்புக்கு நாள் குறித்த இடத்தில் அவள் இல்லை. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியது. 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, கடலின் நாளைக் குறித்தவர்கள் ஆண்களே.

அலைச்சறுக்கில் பெண்களின் சங்கங்களைப் பற்றிப் படித்தபோது இதே கேள்விதான் எனக்குள் எழுந்தது. அலை நாள் முழுதும் ஒன்றுபோல் இராது. காற்றும் நீரோட்டமும் மாறினால் அலை குலைந்துவிடும். நல்ல அலை வரும் நேரத்தை ஆண்களின் போட்டிக்கு ஒதுக்கிவிட்டு, குலைந்த நேரத்தில் பெண்களை இறக்கிவிடுவது பல காலம் வழக்கமாக இருந்தது. பிறகு, பெண்களின் ஆட்டத்தில் விறுவிறுப்பு இல்லை என்று பரிசுத்தொகையையும் குறைத்தார்கள். 1975இல் கலிஃபோர்னியாவில் ஜெரிகோ பாப்ளரும் மேரி செட்டர்ஹோமும் பெண்களுக்கென்று சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தைத் தொடங்கியதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. அலையில் ஏறுவதில் அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். அட்டவணை போடும் மேசைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. உலக அலைச்சறுக்கு லீக் இருபாலருக்கும் சமப் பரிசு என்று அறிவிக்க 2018 ஆகிவிட்டது.

அதே 2018இல், நம் கடலுக்கு அக்கரையில், இலங்கையின் அருகம் குடாவில் பெண்கள் தங்களுக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தார்கள். தலைவர் ஷமாலி சஞ்சயா. வெயிலில் நிறம் கறுத்துவிடும், வீட்டு வேலை என்னாவது, பெண்ணுக்கு இது அடுக்குமா என்ற பேச்சுகளை அவர்களும் கேட்டார்கள். தனியாகப் பலகையோடு நடக்கும் பெண்ணை ஊர் கேள்வி கேட்கும். கழகமாக நின்றால், ஊரோடு உட்கார்ந்து பேசலாம்.

நிர்வாகக் குழு என்றால் பலருக்கும் கையெழுத்தும் டீயும்தான் நினைவுக்கு வரும். எந்த நேரத்தில் பயிற்சி, உடை மாற்ற எங்கே இடம், மாதவிடாய் நாளில் வராதவளின் இடம் பறிபோகுமா, பிள்ளை பெற்றவள் எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

இதற்கு நாம் கலிஃபோர்னியாவைப் பார்க்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவிலேயே, இராமநாதபுரம் கரையில், மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்போம் என்று தாங்களே வரையறுத்தார்கள். அவர்களின் தலைவி லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. கயிறு பிடிக்க மச்சான் இல்லாத கடலில் இவர்கள் நாளையும் தாங்களே குறித்தார்கள்.

எங்கள் மணப்பாட்டு அலைகளுக்கும் இன்று பலகையோடு ஆட்கள் வருகிறார்கள். நாளை அங்கே ஒரு சங்கம் அமைந்தால், எத்தனை பெண்கள் சறுக்கினார்கள் என்ற கணக்கை எல்லாரும் கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியது, அட்டவணை எழுதிய கை யாருடையது என்பதை.