கார்லைல் பிள்ளைகளின் ஆட்டம்

அமெரிக்க உதைபந்தாட்டம் பெரும்பாலும் றக்பி மாதிரி, கையில் பந்தோடு ஓடுற ஆட்டம். அதில் சிறுவர் அணிக்குப் பழக்க இலகுவான தாக்குதல் முறைகளில் ஒன்று 'சிங்கிள் விங்'. ஒரு பக்கத்தில் ஆட்களைக் கூட்டு. பந்தை நேரே ஓடுபவனிடம் கொடு. எதிரணி அங்க ஆள் சேர்க்கிறதுக்கு முதல் ஓடு. நாலைந்து நகர்வுகள் போதும்.

இதை உருவாக்கியவர் பொப் வோர்னர், பென்சில்வேனியாவின் கார்லைல் பாடசாலையில். 1879இல் தொடங்கிய அந்தப் பாடசாலை, பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்த இடம். 1912இல் அதன் மாணவர்கள் அமெரிக்க இராணுவக் கல்லூரி அணியை 27-6 என வென்றார்கள்.

இண்டைக்கு அங்குள்ள பெரிய சிறுவர் லீக்குக்கு வோர்னரின் பெயர். ஆடிக்காட்டின பிள்ளைகளில் ஜிம் தோர்ப்பைத் தவிர வேற ஆரை எங்களுக்குத் தெரியும்?