எழுபது வளைவுகளும் எடைக்குப் போன இதழ்களும்: நாம் கார் பத்திரிகை படித்த கதை

போன வாரம் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. என்னுடைய ‘ம்ம்’களையும், நடுவுல குக்கர் விசில் அடிச்ச இடத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது கிட்டத்தட்ட அப்படியே இருக்கு.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போனால் அங்கே சமவெளி முடிந்துவிடும். அதற்கு மேல் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. வண்டிப் பைத்தியம் பிடித்த யாரிடமாவது “கொல்லிமலை போயிட்டு வந்தேன்”னு சொல்லிப் பாருங்க. ஆகாய கங்கை அருவியில தண்ணி வந்துச்சா, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனீங்களான்னு கேட்கமாட்டாங்க. “எந்த வண்டில போனீங்க? ஏறுச்சா?” இதுதான் முதல் கேள்வி. அந்தக் காலத்தில் கொல்லிப்பாவை சிரிச்சே ஆளை மயக்கிக் கொன்னுச்சுன்னு சொல்வாங்க. இப்போ அந்த வேலையை வளைவுகள் பார்த்துக்குது.

“ஏறுச்சா?” என்ற கேள்விக்கு கார் கம்பெனியின் பிரவுச்சரில் பதில் இருக்காது. அதிகபட்ச சக்தி இத்தனை பிஹெச்பி, இத்தனை ஆயிரம் ஆர்பிஎம்மில் என்று போட்டிருப்பார்கள். ஆனால் வளைவில் நீங்கள் இரண்டாவது கியரில், 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது இன்ஜின் ஆயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். டர்போ இன்னும் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காது. உள்ளே ஐந்து பேர், ஏசி ஓடுது, எதிரே பஸ் வருது. வண்டி முக்க ஆரம்பிக்கும். முதல் கியருக்குப் போறதா வேண்டாமா? இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் 40-வது வளைவில் கருகல் வாசனை வருமா? இதையெல்லாம் விற்கிறவர் சொல்லமாட்டார். வாங்குகிறவருக்காக ஓட்டிப் பார்த்து எழுத வேறு யாராவது வேண்டும். கார் பத்திரிகையின் வரலாறே அந்த ‘வேறு யாராவது’ எப்படி வந்தார் என்பதுதான்.

தொடக்கம் இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகரில். 1895 நவம்பர் 2 அன்று ‘தி ஆட்டோகார்’ முதல் இதழ் வெளிவந்தது. வேடிக்கை என்னன்னா, அப்போ அந்த நாட்டிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கார்கள். கார் வைத்திருப்பவர்களை மட்டும் நம்பியிருந்தால் முதல் இதழோடு கடையை மூடியிருக்க வேண்டும். அன்றைய சட்டப்படி ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது, வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகை எழுதிக்கொண்டே இருந்தது. 1896 நவம்பர் 14-ல் சட்டம் தளர்ந்தபோது அந்த வார இதழைச் சிவப்பு மையில் அச்சடித்துக் கொண்டாடினார்கள். ஆக, ஆரம்பத்தில் கார் பத்திரிகை விமர்சகர் கிடையாது. கட்சிக்காரர்.

விமர்சகராக அது மாறியது 1928-ல். ஓர் ஆஸ்டின் செவன் காரை எடுத்து, அளந்து, ஓட்டி, எண்களோடு எழுதினார்கள். ‘ரோடு டெஸ்ட்’ என்ற வடிவம் அங்கேதான் பிறந்தது. நாம் இன்றைக்கும் சண்டை போடுகிற ‘ஜீரோ டு சிக்ஸ்டி’, நம்ம ஊரில் ‘ஜீரோ டு ஹண்ட்ரட்’, அது அமெரிக்காவில் டாம் மெக்கேஹில் என்பவர் 1940களில் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழில் பழக்கப்படுத்தியது. எண் வந்த பிறகு கம்பெனி சொல்வதை அப்படியே நம்ப வேண்டிய அவசியம் குறைந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் 1950களிலிருந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம், கார் என்றால் மூன்று குடும்பம்தான். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் தயாரானது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நிலைமையில் ரோடு டெஸ்ட் எழுதி என்ன பிரயோஜனம்? “இந்தக் காரை வாங்காதீர்கள்” என்று எழுதினால், “சரி, வேற எதை வாங்கறது?” என்று வாசகர் கேட்பார். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் விமர்சனத்துக்கும் இடமில்லை.

ஆனாலும் படித்தார்கள். வெளிநாட்டு இதழ்களைத்தான் படித்தார்கள். சென்னையில் அதற்கு மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகக் கடைகளில் ஆறு மாசம், ஒரு வருஷம் பழைய இங்கிலாந்து, அமெரிக்கப் பத்திரிகைகள் குவியலாகக் கிடக்கும். நடுப்பக்கம் கிழிந்திருந்தால் விலை குறைவு, ஏன்னா போஸ்டர் அங்கேதான் இருக்கும். 1985 மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அதன் பிறகு திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைதான் கதி. எங்க வீட்டுப் பெரியவர் ஒருவர் அங்கே வாங்கிய இதழ்களை பைண்டிங் பண்ணி வெச்சிருந்தார். அவர் வாழ்நாளில் ஓட்டியது ஒரே ஒரு ஸ்கூட்டர். ஆனால் போர்ஷேவின் இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது என்று அரைமணி நேரம் பேசுவார்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளமாட்டேன். கோயம்புத்தூரை எடுத்துக்குங்க. ஜி.டி.நாயுடு இளைஞராக ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கி, பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். அதே ஊர்க்காரர் கரிவர்தன் 1980களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களைச் செய்தார். அந்தக் கார்களில் பந்தயம் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். இதெல்லாம் பத்திரிகை படித்ததால் நடந்தது என்று கதை கட்டமாட்டேன். ஆனால் தொட முடியாத ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ளும் பசி அந்தத் தலைமுறைக்கு இருந்தது. கைக்குக் கிடைத்தபோது அதை வைத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1980களிலேயே ‘கார் அண்ட் பைக் இன்டர்நேஷனல்’, அப்புறம் 1990களில் ‘ஆட்டோ இந்தியா’ என்று இங்கேயே ஆங்கில இதழ்கள் வர ஆரம்பித்தன. உண்மையான வெடிப்பு 1998-ல். செப்டம்பரில் சான்ட்ரோ, டிசம்பரில் இண்டிகா, அதே வருஷம் மாட்டிஸ். சரியாக அந்த செப்டம்பரில்தான் ‘ஓவர்டிரைவ்’ இதழும் தொடங்கியது. 1999 செப்டம்பரில் ‘ஆட்டோகார் இந்தியா’. தேர்ந்தெடுக்க மூணு நாலு கார் வந்த உடனே, தேர்ந்தெடுக்கச் சொல்லித் தர ஆளும் வந்துட்டாங்க.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். சான்ட்ரோ தயாரானது இருங்காட்டுக்கோட்டையில். அடுத்த வருஷம் வந்த ஃபோர்டு ஐகான் மறைமலை நகரில். அந்த லைனில் நின்று போல்ட் முடுக்கியவர்களில் எத்தனையோ பேர் நம்ம பசங்க. ஆனால் அந்த கார் நல்லா இருக்கா இல்லையா என்று படிக்க வேண்டுமென்றால் மும்பையிலிருந்து வரும் ஆங்கில இதழைத்தான் வாங்க வேண்டும். நாமக்கல்லை யோசித்துப் பாருங்க. லாரிக்கு பாடி கட்டுவதிலும், டேங்கர் ஓட்டுவதிலும் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிற ஊர். அவர்கள் மொழியில் முழுசா ஒரு மோட்டார் பத்திரிகை இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைத்ததெல்லாம் லைசென்ஸ் எடுக்கிறதுக்கான சாலை விதிப் புத்தகம்தான்.

அந்த இடத்துக்கு 2007-ல் ‘மோட்டார் விகடன்’ வந்தது. என் வயசுக்காரர்கள் நிறையப் பேருக்கு முதல் கார் பத்திரிகை அதுதான். அது செய்த பெரிய காரியம் மொழியில் இருக்கிறது என்பது என் கட்சி. ‘மகிழுந்து’ என்று பாடப்புத்தகத்தில் எழுதலாம். பட்டறையில் போய் “மகிழுந்தின் உரசிணைப்பி தேய்ந்துவிட்டது” என்றால் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கார், கிளட்ச், பிக்கப், மைலேஜ், டார்க் என்று மெக்கானிக் வாயில் புழங்கும் சொற்களையே அச்சிலும் போட்டார்கள். டார்க் என்றால் என்ன என்பதைச் சுமை ஏற்றும் கதையாக விளக்க முடிந்தது. ஆங்கிலத்தில் பத்து தடவை படித்தும் எனக்குப் புரியாத ஆர்பிஎம்–டார்க் விவகாரம் தமிழில் ஒரு பக்கத்தில் புரிந்தது. இத்தனைக்கும் நான் இன்ஜினீயரிங் படித்தவன்.

அந்த இதழை எல்லோரும் ஒரே மாதிரி படிக்கவில்லை என்பதும் முக்கியம். சிலர் கடைசிப் பக்கத்து விலைப் பட்டியலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் நேராக ‘மோட்டார் கிளினிக்’ பகுதிக்குப் போவேன். வாசகர் கேள்வி–பதில். பட்ஜெட் இவ்வளவு, மாசம் இத்தனை கிலோமீட்டர் ஓடும், வீட்டில் வயசானவங்க இருக்காங்க, பெட்ரோலா டீசலா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு. லோன் போட்டு ஐந்து வருஷம் தவணை கட்டப்போகிறவருக்கு தப்பான பதில் விளையாட்டு இல்லை. அப்புறம் வாசகர்களோடு அவர்களுடைய காரிலேயே ஊர் சுற்றும் பயணக் கட்டுரைகள். மலை ஏறுகிற கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, அதைவிட நல்ல டெஸ்ட் இல்லை. ஓட்டுகிறவர் தவணை கட்டுகிறவர். அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை.

ஒண்ணு கவனிங்க. கொல்லிமலை மேலே மிளகும் காபியும் அன்னாசியும் விளைவிக்கிறவர்களுக்கு 70 வளைவு என்பது ஞாயிற்றுக்கிழமை ரைடு கிடையாது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வழி. “ஏறுச்சா?” என்ற கேள்வியை நாம் ஆசைக்குக் கேட்கிறோம், அவர்கள் தேவைக்குக் கேட்கிறார்கள். சொகுசு கார் போட்டோவுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கிய இதழ்கள், ஆங்கிலமோ தமிழோ, மினி லாரியும் ஜீப்பும் ஓட்டுகிறவருக்கு அந்த அளவுக்கு இடம் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 2014 ஜனவரி கடைசியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய கார்களை மோதிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. ஆல்ட்டோ 800, ஐ10, ஃபிகோ, நானோ, ஏர்பேக் இல்லாத போலோ, ஐந்துமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜியம் ஸ்டார். அதற்கு முந்தைய வருஷங்களின் இதழ்களை, நான் புரட்டிய வரையில், எடுத்துப் பார்த்தால் மைலேஜ் தசமப் புள்ளியோடு இருக்கும். சீட் துணியின் நிறம் இருக்கும். மோதினால் உள்ளே இருப்பவர் என்ன ஆவார் என்பது பெரும்பாலும் இருக்காது. அளக்க அவர்களிடம் வசதி இல்லை, அது நியாயம். ஆனால் கேட்கவாவது செய்திருக்கலாம். கேள்வி வெளியே வந்ததும் என்ன நடந்தது பாருங்க. போலோவில் இரண்டு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் கட்டாயமாக வந்தது, அந்த வண்டி 4 ஸ்டார் வாங்கியது. 2023-ல் நமக்கே ‘பாரத் என்கேப்’ வந்துவிட்டது. வாங்கும் இடத்தில் ஜனங்கள் ஸ்டார் எண்ணிக்கை கேட்கிறார்கள்.

இப்போ எல்லாம் வீடியோதானே, பழைய இதழ் எதுக்குன்னு கேட்கலாம். ஒரு சாஃப்ட்வேர் ஆளாக எனக்குத் தெரிந்த பதில் இது. கார் தளங்களில் மாடல் மாறியதும் பழைய பக்கத்தின் மேலேயே புதிய விவரத்தை எழுதிவிடுகிறார்கள். பழைய கமிட்டே இல்லாத ரெப்போ மாதிரி. 2011 மாடல் டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவருக்கு, 2011-ல் ஒருவர் அதை ஓட்டி என்ன எழுதினார் என்பதுதான் வேண்டும். எந்த வேரியன்ட்டில் ஏபிஎஸ் இருந்தது, எந்த ஆர்பிஎம்மில் டர்போ லேக், மலையில் ஹேண்ட்பிரேக் பிடித்ததா. அச்சில் போனது மாறாது. ஆனால் அந்த அச்சு எங்கே? கன்னிமாரா நூலகத்துக்குச் சட்டப்படி பிரதி போக வேண்டும். நம்ம வீட்டு இதழ்கள் பொங்கலுக்கு முந்தின வாரம் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறிவிட்டன.

அதனால ஒரு வேலை கொடுக்கிறேன். பரண்லயோ, பட்டறை அலமாரியிலயோ, சலூன் ஸ்டூலுக்கு அடியிலயோ 2015-க்கு முந்தைய கார், பைக் இதழ் ஏதாவது கிடந்தால், தமிழ், ஆங்கிலம் எதுவானாலும், எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அட்டையையும் பொருளடக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. எந்த மாசம் எந்த காரோட டெஸ்ட் வந்ததுன்னு ஒரு அட்டவணை போட ஆரம்பிச்சிருக்கேன். இப்போதைக்கு 2009-ல மட்டும் நாலு மாசம் காலியா இருக்கு.