கோடு போட்டது யார்?



'மனிதனை அதிகம் ஏமாற்றுவது காதா, கண்ணா?' எனக்கு முன்னால் பேசிய அம்மா, காது ஏமாந்து குடும்பம் கெட்ட கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. காது ஏமாந்தா ஒரு குடும்பத்தோடு போச்சுங்க. கண் ஏமாந்தபோது ஒரு கிரகமே மாறிப்போச்சு! (சிரிப்பு)

1877. இத்தாலியில் மிலான் நகரம். ஷியாபரெல்லி என்ற வானியல் அறிஞர் தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்க்கிறார். நீளநீளமாகக் கோடுகள்! 'கனாலி' என்று பெயர் வைத்தார். அந்த மொழியில் அது இயற்கையான நீர்த்தடத்துக்கும் பொருந்துகிற சொல். ஆங்கிலத்துக்குப் போனதும் 'கெனால்' ஆயிடுச்சு. கெனால்னா வெட்டின கால்வாய். சூயஸ் கால்வாய் திறந்து எட்டு வருஷந்தான் ஆகியிருந்த நேரம். கால்வாய் இருந்தா, வெட்டினவன் ஒருத்தன் இருக்கணுமில்லையா?

'பார்த்தீங்களா, இது காது செய்த வேலை' என்று எதிரணி அம்மா சிரிக்கிறாங்க. பொறுங்கம்மா, வர்றேன்.

அமெரிக்காவில் பெர்சிவல் லோவல். பெரிய பணக்காரர். 1894இல் அரிசோனாவில், ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரில், சொந்தப் பணத்தில் வானாய்வுக் கூடமே கட்டிவிட்டார். செவ்வாய் வறண்டு வருகிறது, அங்குள்ளவர்கள் துருவத்துப் பனி உருகும் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டு வருகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். 1916இல் இறக்கும்வரை நம்பினார். பொய் சொன்னவர் இல்லைங்க அவர், கண்டதைத்தான் வரைந்தார். எனக்கு அவர்மேல் இரக்கந்தான் வருது.

இப்போ அம்மாவுக்குப் பதில். கிரீனிச் ஆய்வுக்கூடத்தில் இருந்த மாண்டர் ஒரு வேலை செய்தார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் சுமார் 200 பேர். செவ்வாய் மாதிரி ஒரு படம். அதில் கால்வாயே கிடையாது, வெறும் புள்ளியும் ஒழுங்கில்லாத திட்டுகளும்தான். 'தெரியறதை வரைங்கப்பா' என்றார். கிட்டே உட்கார்ந்தவன் புள்ளியைப் புள்ளியாகவே வரைந்தான். கடைசி பெஞ்சுக்காரனுக்கு ஒண்ணும் சரியாத் தெரியலே. நடுவில் இருந்த பையன்களில் பலர் நேர்நேராகக் கோடு போட்டுட்டாங்க! (கைதட்டல்) கால்வாய்னு அவங்க காதுல யாரும் ஓதலைம்மா. பிரித்துப் பார்க்க முடியாத புள்ளிகளைக் கண்ணே கோர்த்துக் கோடாக்கிடுச்சு. இதை அவர் வெளியிட்டது 1903இல்.

1909இல் அன்டோனியாடி பாரிசுக்குப் பக்கத்தில் மியூடானில் பெரிய தொலைநோக்கியில் பார்த்தார். கோடுகள் திட்டுதிட்டாகப் பிரிந்துபோயின. 1965இல் மரைனர் 4 பக்கத்திலேயே போய் 22 படம் எடுத்தது. பள்ளங்கள் இருந்தன, கால்வாய் இல்லை. அப்புறமாவது திருந்தினோமா? 1976இல் வைக்கிங் எடுத்த படத்தில் மனித முகம்னு ஒரு கூட்டம் கிளம்பியது. 1998லும் 2001லும் தெளிவாகப் படம் எடுத்தால், அது வெறும் மேடு! நிழல் விழுந்து மூக்கும் வாயும் வந்திருக்கு.

நடுவர் அவர்களே, மணியை அடிச்சிடாதீங்க, ஒண்ணே ஒண்ணு. லோவல் வெள்ளிக் கிரகத்தையும் பார்த்தார். சக்கரத்து ஆரக்கால் மாதிரி கோடுகள் வரைந்தார். வெள்ளி மேகத்தால் மூடிய கிரகம். கீழே தரை தெரியவே தெரியாது. வெளிச்சம் கூசுகிறதென்று தொலைநோக்கியின் வாயை அவர் மிகவும் சுருக்கிவிட்டார். அப்படிப் பார்த்தால், கண்ணுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் நிழல் நமக்கே தெரியுமாம். அவர் வரைந்தது அதைத்தான் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். அத்தனை செலவு செய்து மனுஷன் பார்த்தது அவர் கண்ணையேதான், அய்யா! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)