இஸ்லாமிய ஆய்வுக்கு வெளிநாடு போகணுமா? தலைப்பு தக்கலையிலேயே இருக்கு!

தமிழ், வரலாறு, அரபி, சமூகவியல்னு ஏதோ ஒன்றில் பிஹெச்.டி பதிவு பண்ணியிருக்கீங்க. ஆய்வு இஸ்லாம் சார்ந்தது. ஊர் நாகர்கோவிலோ, தக்கலையோ, குளச்சலோ. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சில மாதம் 'விசிட்டிங் ஸ்காலரா' இருந்துட்டு வரலாம்னு யாரோ சொல்லியிருப்பாங்க. அது உண்மைதான். ஆனா இது டிகிரி கிடையாது. அங்குள்ள ஒரு பேராசிரியரோட வழிகாட்டுதலில் நூலகத்தைப் பயன்படுத்தி, கருத்தரங்குகளில் உட்கார்ந்து, உங்க சொந்த ஆய்வை முன்னே நகர்த்திட்டு ஊர் திரும்பணும். அவ்வளவுதான்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒத்துவரும் வழிகள் இரண்டு. அமெரிக்கா என்றால் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் பட்ட ஆய்வு ஃபெல்லோஷிப். ஆறு முதல் ஒன்பது மாதம். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஹெச்.டி பதிவு செய்து, அவங்க குறிப்பிடும் தேதிக்குள் ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும். விமான டிக்கெட், மாதாந்திர உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. விண்ணப்பம் வழக்கமா பிப்ரவரி வாக்கில் திறக்கும், ஜூலை நடுவில் மூடும், பயணம் அடுத்த வருஷம். ஜெர்மனி என்றால் 'டாட்' அமைப்பின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை, ஒன்று முதல் ஆறு மாதம். பிஹெச்.டி முடிச்சவங்க 1985-ல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு இஸ்லாமிய ஆய்வு மையத்தின் வருகைதரு ஆய்வாளர் அறிவிப்புகளையும் பார்க்கலாம். தேதியும் தகுதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும். வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாம அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்க.

படிவம் நிரப்புறது சுலபம். ஆள் சறுக்குற இடம் தலைப்பு. 'இஸ்லாமும் நவீன உலகமும்' மாதிரி ஒன்றை எழுதி அனுப்புவாங்க. அதை கெய்ரோவிலிருந்தும் எழுதலாம், லண்டனிலிருந்தும் எழுதலாம். அதுக்கு உங்களை எதுக்குக் கூப்பிடணும்?

தக்கலையை எடுத்துக்கோங்க. தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்து அடங்கிய பீர் முகம்மது அப்பா, 17-ஆம் நூற்றாண்டு சூஃபி. தறி நெய்தவர்னு மரபு சொல்லுது. அவரோட 'ஞானப்புகழ்ச்சி' இன்னிக்கும் ரஜப் மாத ஆண்டுவிழாவில் இரவு முழுக்க ஓதப்படுது. அரபிச் சொல்லும் சித்தர் பரிபாஷையும் ஒரே பாட்டில் வரும். அதைப் படிக்கத் தமிழும் வேணும், சூஃபி மரபும் தெரியணும், ஓதுற ராகமும் காதில் ஏறியிருக்கணும். இது மூன்றும் சேர்ந்த ஆள் எந்த வெளிநாட்டுத் துறையிலும் அபூர்வம். உங்க வீட்டுத் தாத்தாவுக்கு இது மூன்றும் தெரிஞ்சிருக்கலாம். அரபுத்தமிழும் அப்படித்தான். தமிழை அரபி எழுத்தில் எழுதும் அந்த முறையைப் படிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுகிட்டே வர்றாங்க.

ஊர்த் தலைப்பு உலகத்துக்குப் போகாதுன்னு பயப்பட வேண்டாம். 1572-ல் வண்ணப்பரிமளப் புலவர் எழுதிய 'ஆயிரம் மசலா'வை, அதே கதையின் மலாய், ஜாவா வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி எழுதிய ஆங்கில நூல், 2011-ல் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடா வந்தது. நம்ம பக்கத்திலேயும் ஒரு முன்னோடி உண்டு. இலங்கை பாணந்துறைக்காரரான ம.மு. உவைஸ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்து இஸ்லாமியத் தமிழிலக்கியப் பேராசிரியரா இருந்தார். பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளா எழுதினார். கடல் தாண்டி வந்த ஒருத்தர் இங்கே செய்த வேலை அது.

அடுத்தது வரவேற்கும் பேராசிரியர். டாட்டுக்கு அவரோட ஒப்புதல் கடிதம் கட்டாயம். ஃபுல்பிரைட்டுக்கும் இருந்தா பலம். ஐம்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டி விடாதீங்க. இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவங்க கட்டுரை ஒன்றையாவது முழுசா படிச்சுட்டு, பத்து வரியில் எழுதுங்க: நான் யார், எந்தச் சுவடி அல்லது நூல், உங்களிடம் மட்டும் கிடைக்கக்கூடியது எது. மூன்று வாரம் பதில் இல்லைன்னா ஒரு தடவை நினைவூட்டலாம். அதுக்கு மேல வேண்டாம்.

ஆய்வுத்திட்டத்தில் "அங்கே ஏன் போகணும்?" என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேணும். சுவடி தக்கலையில் இருக்கும்போது அமெரிக்கா எதுக்குன்னு தேர்வுக்குழு கேட்கும். ஒப்பிட வேண்டிய நூல்கள், அரபி, பாரசீகம் தெரிந்த வழிகாட்டி, சுவடியியல் பயிற்சி, இப்படிக் காரணம் குறிப்பா இருக்கணும். இங்கே முடிக்க வேண்டிய களப்பணியை முன்னாடியே முடிச்சுட்டதா காட்டினா இன்னும் நல்லது. ஒரு விஷயம்: 1956 நவம்பர் 1 வரை நம்ம மாவட்டம் திருவிதாங்கூர் பக்கம். பழைய அரசு ஆவணங்களைத் தேடி திருவனந்தபுரம் போக வேண்டிவரும். மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சா விண்ணப்பத்தில் மறக்காம எழுதுங்க, அது பெரிய தகுதி.

வீடுகளில் இருக்கும் கையெழுத்துப் பிரதிகளை போனில் படம் எடுக்கும் முன்னாடி குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கோங்க. ஃப்ளாஷ் வேண்டாம். படங்களின் ஒரு பிரதியை அவங்களுக்கே கொடுங்க. அசல் எக்காரணம் கொண்டும் ஊரை விட்டுப் போகக் கூடாது. வெளிநாட்டு நூலகம் கேட்டாலும் முடிவு அந்தக் குடும்பத்தோடதுதான், உங்களோடதல்ல.

விசாவிலும் கவனிக்க வேண்டியது இருக்கு. ஃபுல்பிரைட்டில் போறவங்களுக்கு ஜே-1 விசா. திரும்பி வந்து மொத்தம் இரண்டு வருஷம் இந்தியாவில் இருந்த பிறகுதான் எச்-1பி மாதிரி வேலை விசாவோ கிரீன் கார்டோ கிடைக்கும். அப்படியே அங்கே செட்டிலாகலாம்னு நினைக்கிறவங்களுக்கு இது சரியான வழியல்ல. 2025 ஜூன் முதல் இந்த விசா கேட்கிறவங்க சோஷியல் மீடியா கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி வைக்கணும்னும் அமெரிக்கா சொல்லியிருக்கு.

பெயரில் ஒரு சிக்கல் வரும். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமா எழுதுறாங்க. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. இன்ஷியலை விரிச்சு எழுதியதிலும் குழப்பம் இருக்கும். பிப்ரவரி வரும் வரை காத்திருக்காம, இந்த வாரமே எல்லாத்தையும் மேசையில் பரப்பி ஒத்துப் பாருங்க. திருத்தம் முடிய மாதக்கணக்கு ஆகலாம்.