தாமதமாக வந்த கடல் மீன்: பையைத் திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஹைதராபாத்தின் அல்வாலில் வசிக்கும் ஒரு தமிழ் ஐடி ஊழியர், சென்னையில் இருந்து ஒரு ஜோடி க்ளவுன் மீன் ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் பேக் செய்தால் மறுநாள் காலை கையில் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. விமானப் பயணம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் புயல், விமானம் ரத்து, கார்கோவில் தேக்கம் என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்து, பெட்டி ஒன்றரை நாள் கழித்து வருகிறது. மீனுக்கு உயிர் இருக்கிறது, ஆனால் பையின் அடியில் சாய்ந்து கிடக்கிறது.

இனி நீங்கள் செய்யப்போகும் முதல் அரை மணி நேர வேலைதான் அது பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கும். பலர் இங்கே செய்யும் தவறு, அக்கறையால் செய்யும் தவறு.

தாமதம் எவ்வளவு சகஜம்?

ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. இங்கே விற்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை வெளியூரில் இருந்துதான் வர வேண்டும். ஷம்ஷாபாத் விமான நிலையம் நகரின் தெற்கே, அல்வால் வடக்கே. விமானம் இறங்கிய பிறகும் நகரத்தைக் கடந்து வர வேண்டும்.

சென்னையில் இருந்து வரும் பெட்டிக்கு வடகிழக்குப் பருவமழை இன்னொரு சிக்கல். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள் காலைதான் திறந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலின்போதும் விமான சேவை பல மணி நேரம் நின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆர்டர் போடுபவர்கள் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

பைக்குள் என்ன நடக்கிறது?

பேக்கிங் செய்யும்போது பையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்புவார்கள். கழிவு குறையட்டும் என்று மீனை முன்கூட்டியே ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுவதும் வழக்கம். ஆனாலும் மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக அது பைத் தண்ணீரில் சேரும்.

அப்படியென்றால் மீன் ஏன் உடனே சாவதில்லை? காரணம் அதன் மூச்சுதான். அது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை அமிலத்தன்மைக்குத் தள்ளுகிறது. கடல் நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும். நீண்ட பயணத்தில் பைக்குள் அது 7-க்கும் கீழே இறங்கலாம். பி.எச். குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, விஷம் குறைந்த வடிவத்தில் இருக்கும்.

பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பி.எச். ஏறுகிறது. ஒரு அலகு ஏறினாலே விஷ அம்மோனியாவின் பங்கு சுமார் 10 மடங்கு ஆகிவிடும். 6.8-ல் இருந்து 8.2-க்குப் போனால் சுமார் 20 மடங்கு. ஒன்றரை நாள் தாக்குப்பிடித்த மீன், திறந்த ஒரு மணி நேரத்தில் சாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அப்போ டிரிப் முறை தப்பா?

பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்த மீனுக்கு டிரிப் முறை சரிதான். மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் பழக்கப்படுத்துவார்கள். தாமதமாக வந்த மீனுக்கு அதே முறை ஆபத்து. பி.எச். 8.2 உள்ள தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக விழும்போதும் அழுக்குத் தண்ணீரின் விஷம் கூடுகிறது. அதே தண்ணீரில்தான் மீன் ஒரு மணி நேரம் நீந்த வேண்டியிருக்கிறது.

சரியான வழி, மீனை மெதுவாக மாற்றுவதற்குப் பதில் தொட்டியை முன்பே மாற்றி வைப்பது.

1. பேக்கிங் நீரின் உப்பு அளவு, அதாவது சாலினிட்டி, எவ்வளவு என்று விற்பவரிடம் ஆர்டர் போடும்போதே கேளுங்கள். கடல் நீரின் ஒப்படர்த்தி சுமார் 1.026. ஆனால் பல கடைகள் 1.020 அளவில் வைத்திருப்பார்கள். தனிமைத் தொட்டியை அதே அளவில் தயார் செய்யுங்கள்.

2. பெட்டி வந்ததும் அறையின் விளக்கைக் குறையுங்கள். இருட்டில் வந்த மீனுக்குத் திடீர் வெளிச்சம் அதிர்ச்சி. இறந்த மீன் இருந்தால் பையைப் பிரிக்காமலே போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள்.

3. பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். வெப்பநிலை சமமாகும்.

4. இப்போது திறந்து, இரண்டு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பைப் பாருங்கள். தொட்டியில் சற்றுக் குறைவாக இருந்தால் மீன் சமாளிக்கும். கூடுதலாக இருந்தால், குளோரின் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்துத் தொட்டியின் அளவைச் சட்டென்று குறையுங்கள்.

5. மீனைச் சிறு டப்பாவிலோ ஈரக் கையிலோ எடுத்துத் தொட்டியில் விடுங்கள். ஏஞ்சல் மீன் போன்றவற்றின் முள் வலையில் சிக்கும். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

இறால், நட்சத்திர மீன் போன்றவை உப்பு மாற்றத்தைத் தாங்காது. அவற்றுக்கு மெதுவான முறைதான் வேண்டும், ஆனால் அம்மோனியா நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே செய்ய வேண்டும்.

பெட்டி வழியில் மாட்டிக்கொண்டால்?

"பையைக் கொஞ்சம் திறந்து காத்து விடச் சொல்லுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். மேலே சொன்ன அதே விஷ மாற்றம் நடுவழியில் நடந்துவிடும். பெட்டி இன்னும் புறப்படவில்லை என்றால், கடைக்குத் திருப்பி எடுத்துப் போய்ப் புதுத் தண்ணீரில் மறுபடி பேக் செய்யச் சொல்லுங்கள். ஹைதராபாத் வந்துவிட்டது என்றால் வீட்டு டெலிவரிக்குக் காத்திருக்காமல் நேரில் போய் வாங்குங்கள். மே மாத வெயிலில் தெர்மாகோல் பெட்டி காரின் ஏ.சி. பக்கம் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

தனிமைத் தொட்டி ஏன்?

சோர்ந்த மீனுக்கு நோய் எதிர்ப்பு குறைவு. பயணத்துக்கு முன்பே உடலில் இருந்த ஒட்டுண்ணி இப்போது பெருகும். வெள்ளைப் புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான், அதைவிட வேகமாகக் கொல்லும் வெல்வெட், க்ளவுன் மீனைத் தாக்கும் ப்ரூக்ளினெல்லா ஆகியவை முக்கியமானவை. கிரிப்டோகேரியான் மீனை விட்டு விழுந்த பிறகும் கூடு கட்டி, மணலிலும் கல்லிலும் வாரக்கணக்கில் காத்திருக்கும். அது பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்துவிட்டுத் தொட்டியைக் காலியாக வைக்க வேண்டும். வளர்ப்பவர்கள் பலர் வைக்கும் கணக்கு 76 நாள். அதோடு ஒப்பிட்டால் ஒரு மாதத் தனிமை ஒன்றுமே இல்லை.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. 40 முதல் 80 லிட்டர் தொட்டி, மூடி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அந்த ஸ்பாஞ்சைச் சில வாரம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு வைத்தால் நல்ல பாக்டீரியா அதில் வளர்ந்திருக்கும். மணலும் கல்லும் வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சும். கரன்ட் போனால் சமாளிக்க பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

30 நாளில் என்ன செய்வது?

முதல் நாள் விளக்கு வேண்டாம், காற்று போதும். மறுநாள் மைசிஸ் அல்லது ஆர்ட்டீமியா கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள், ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள்.

காப்பர் மருந்தை முதல் நாளே போடாதீர்கள். மீன் சாப்பிட ஆரம்பித்த பிறகு, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். அளவு மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் லேபிளைப் படித்து, டெஸ்ட் கிட்டில் அளந்து போடுங்கள். அம்மோனியா நீக்கும் மருந்தையும் காப்பரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, சேர்ந்தால் காப்பரின் விஷம் கூடலாம். மூச்சு வாங்குவது, உடலில் பொடி தூவியது போன்ற படலம், வெளிச்சத்தைத் தவிர்ப்பது ஆகியவை வெல்வெட்டின் அறிகுறிகள். அதைப் பார்த்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே சிகிச்சை தொடங்குங்கள். காப்பர் இறாலையும் நத்தையையும் கொல்லும் என்பதால் பெரிய தொட்டியில் அதைப் போடவே கூடாது.

கடைசி வாரத்தில் உப்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பெரிய தொட்டியின் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

க்ளவுன் மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீன், தொட்டி வாழ்க்கைக்கும் தீனிக்கும் ஏற்கெனவே பழகியிருக்கும். முதல்முறை வாங்குபவர்கள் "இது எங்கே பிறந்தது?" என்று கேட்டு வாங்குங்கள்.

கடல் குதிரை, கடல் அட்டை, பாறைத்திட்டு உருவாக்கும் பவளம் ஆகியவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலில் இருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். "எல்லாரும் வெச்சிருக்காங்க சார்" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.