கழுவிய இயந்திரத்திலும் கிருமி: உணவுப் பாதுகாப்புக்குச் சவாலாகும் உயிரிப்படலம்

கனடாவில் 2008ஆம் ஆண்டு, பதப்படுத்தப்பட்ட இறைச்சியை உண்டவர்களிடையே லிஸ்டீரியா தொற்று பரவியது. 57 பேருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டொரண்டோ நகரில் இருந்த ஆலையொன்றில் தடம் சென்று முடிந்தது. இறைச்சியைத் துண்டு போடும் இரண்டு இயந்திரங்களின் உட்பகுதியில் கிருமி தங்கியிருக்கக் கூடும் என்பது விசாரணையில் தெரியவந்தது. அந்த இயந்திரங்கள் கழுவப்படாமல் விடப்பட்டவை அல்ல. உற்பத்தியாளரின் அறிவுறுத்தல்படி வழக்கமாகச் சுத்தம் செய்யப்பட்டு வந்தவையே.

சுத்தம் செய்த பிறகும் கிருமி எவ்வாறு உயிர் பிழைக்கிறது என்ற கேள்விக்கான விடைகளில் முதன்மையானது உயிரிப்படலம். அறிவியல் வட்டாரத்தில் இது 'பயோஃபிலிம்' என அழைக்கப்படுகிறது.

நீரில் தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்வது எளிது. ஆனால் எஃகு, ரப்பர், நெகிழி போன்ற ஏதேனும் ஒரு பரப்பை அடைந்ததும் பாக்டீரியாவின் போக்கு மாறுகிறது. முதலில் அது தளர்வாக ஒட்டுகிறது. இந்தக் கட்டத்தில் ஓடும் நீரே அதை அடித்துச் சென்றுவிடும். சில மணி நேரம் கழிந்தால், சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், மரபணுப் பொருள் ஆகியவை கலந்த பசையைச் சுரந்து பரப்போடு இறுகிவிடும். பின்னர் அங்கேயே பெருகி, அடுக்கடுக்காகப் படர்ந்து, வேறு இன பாக்டீரியாக்களுக்கும் இடம் கொடுக்கிறது. முதிர்ந்த படலத்திலிருந்து சிறு துணுக்குகள் அவ்வப்போது பிரிந்து, அவ்வழியே செல்லும் உணவில் கலக்கின்றன. உணவுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை ஆபத்து இந்த இறுதிக் கட்டத்தில்தான் உள்ளது.

படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா, மிதக்கும் நிலையில் உள்ள அதே பாக்டீரியாவைவிடப் பல மடங்கு கிருமிநாசினியைத் தாங்கும். பசை மருந்தை உள்ளே விடாமல் தடுப்பது ஒரு காரணம். அடியடுக்கில் உள்ளவை உணவும் ஆக்சிஜனும் குறைந்து, ஏறக்குறைய உறக்க நிலையில் இருப்பது மற்றொரு காரணம். வளர்ச்சியைத் தாக்கும் மருந்துகள், வளராத உயிரணுவிடம் வலுவிழக்கின்றன.

இந்த உண்மையை முதலில் கண்டவர் 17ஆம் நூற்றாண்டின் டச்சு துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக் எனலாம். தம் பற்களில் படிந்த காரையைத் தாமே உருவாக்கிய நுண்ணோக்கியில் ஆராய்ந்த அவர், வினிகரால் வாய் கொப்பளித்தாலும் காரையின் மேற்புறத்தில் உள்ள உயிர்கள் மட்டுமே மடிகின்றன, உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன என்று குறித்து வைத்தார். ஆயினும் பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ்வதே இயற்கையில் பெருவழக்கு என்ற கருத்தை, கனடாவில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் பில் காஸ்டர்டனும் அவருடைய சகாக்களும் 1978இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே அறிவியல் உலகம் பரவலாக ஏற்றது.

உணவுத் தொழிலில் இந்தச் சிக்கலை மிக நெருக்கமாக அறிந்தவை பால் ஆலைகள். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடிகள் சூடாக்கும் பாஸ்டர் முறை, நோய்க் கிருமிகளை அழிக்கிறது. ஆனால் சூடாக்கிய பின் பால் கடந்து செல்லும் குழாய், வால்வு, நிரப்பும் இயந்திரம் ஆகியவற்றில் படலம் இருந்தால், சுத்தமான பால் அங்கே மீண்டும் மாசடைகிறது. பாலைக் குளிரூட்டி வைக்கும் தொட்டிகளில் வேறொரு தொல்லை. குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் இன பாக்டீரியாக்கள் அங்கே படலமாகப் படர்ந்து நொதிகளைச் சுரக்கின்றன. பின்னர் பாலைச் சூடாக்கும்போது பாக்டீரியா மடிகிறது, நொதி மடிவதில்லை. பால் கசப்பதற்கும் சிக்கு வாடை அடிப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இதனால் ஆலைகளில் சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் நீர்; அடுத்து கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் காஸ்டிக் சோடா கரைசல்; பிறகு பால் உப்புகளின் படிவை நீக்கும் அமிலம்; இடையிடையே நீர்; கடைசியில்தான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் குளோரினை ஊற்றினால், அழுக்கோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துபோகும், படலம் அப்படியே நிற்கும். குழாயில் கரைசல் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்திலாவது பாய வேண்டும் என்பதும் நடைமுறை விதி. உணவு படும் எஃகுப் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டரைத் தாண்டக் கூடாது என வடிவமைப்பாளர்கள் வலியுறுத்துகின்றனர். ஒரு பாக்டீரியாவின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், அதைவிட ஆழமான கீறல் அதற்குப் பதுங்கு குழியாகிவிடும்.

படலத்தில் வாழும் கிருமிகளில் லிஸ்டீரியாவுக்குத் தனி இடம் உண்டு. மற்ற பல கிருமிகள் முடங்கும் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் இது பெருகும். வடிகால், கன்வேயர் பெல்ட், ரப்பர் காஸ்கெட் ஆகியவற்றில் ஒரே வகை லிஸ்டீரியா ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்ததைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் நேர்ந்ததே இதுவரை பதிவான லிஸ்டீரியா பரவல்களில் மிகப் பெரியது. 1,060 பேருக்குத் தொற்று உறுதியானது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் 10இல் 4 பேர், கருவிலோ பிறப்பின்போதோ தாயிடமிருந்து தொற்றைப் பெற்ற பச்சிளங் குழந்தைகள். உண்ட நாளுக்கும் நோய் தென்படும் நாளுக்கும் இடையே 70 நாள்கள் வரை ஆகலாம் என்பதால், எந்த உணவு காரணம் என்பதைக் கண்டறியவே மாதங்கள் பிடித்தன. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் ஒரு மழலையர் காப்பகக் குழந்தைகள் சிலர் நோயுற்று மருத்துவமனைக்கு வந்ததும், அந்தக் காப்பகத்தின் குளிர்பதனப் பெட்டியில் இருந்த 'பொலோனி' எனும் இறைச்சி உணவு சோதிக்கப்பட்டது. அங்கிருந்து கிடைத்த துப்பு பொலோக்வானே நகரின் ஆலைக்கு இட்டுச் சென்றது. நோயாளிகளிடம் கண்ட அதே மரபணு வகை, ஆலையில் எடுத்த மாதிரிகளிலும் இருந்தது. 2018 மார்ச் 4ஆம் தேதி அரசு அதை அறிவித்தது.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் கீழ், உரிமம் பெறும் நிறுவனங்களுக்கான சுகாதார நெறிகள் நான்காம் அட்டவணையில் வகுக்கப்பட்டுள்ளன. பால் பொருள்களில் 25 கிராம் மாதிரியில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் அறவே இருக்கக் கூடாது என்பது தரநிலை. விதிகளில் குறையில்லை, ஆனால் தயாரான பொருளைச் சோதிப்பது மட்டும் போதாது. ஒட்டியிருக்கும் கிருமி எல்லாப் பொட்டலங்களிலும் கலப்பதில்லை. ஆகவே இயந்திரப் பரப்புகளிலும் வடிகால்களிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்க வேண்டியுள்ளது. கழுவிய உடனே எடுத்தால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இயந்திரம் சில மணி நேரம் ஓடி அதிர்ந்த பிறகு எடுத்தால் பதுங்கியவை வெளிப்படும் வாய்ப்பு அதிகம்.

புதிய வழிகளும் தேடப்படுகின்றன. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களின் கலவையை, உண்ணத் தயாரான இறைச்சியில் லிஸ்டீரியாவுக்கு எதிராகத் தெளிக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதித்தது. எனினும் தடிமனான படலத்தின் உள்ளே நுழைவது ஃபேஜ்களுக்கும் எளிதன்று.

வீட்டுச் சமையலறையிலும் இதே வேதியியல்தான். மிக்ஸி ஜாடியின் பிளேடுக்கு அடிப்புறம், பிரஷர் குக்கரின் காஸ்கெட், தண்ணீர்ப் புட்டியின் மூடி வளையம், கத்தி வெட்டுகள் விழுந்த காய்கறிப் பலகை, எப்போதும் ஈரமாகவே கிடக்கும் துடைப்புத் துணி ஆகியவை படலம் உருவாக ஏற்ற இடங்கள். விரலால் தொட்டால் வழுவழுப்பாகத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பசைதான். அதைக் கலைப்பது தேய்ப்பு. வெறும் வெந்நீரோ வாசனைத் திரவமோ அந்த வேலையைச் செய்யாது. கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றி, சோப்பிட்டுத் தேய்த்து, முழுவதும் உலர வைத்த பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும். விரிசல் விட்ட காஸ்கெட்டையும் ஆழக் கீறிய பலகையையும் எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாகச் சுத்தம் செய்ய இயலாது. அவற்றை மாற்றிவிடுவதே வழி.