விட்டிற் கணக்கு: இங்கிலாந்தில் இரவுப்பூச்சிப் பதிவின் வரலாறு

விளக்கொளியை நாடி வீழ்ந்து மடியும் விட்டிலைத் தமிழ்ப் புலவர் பேதைமைக்கும் அடங்கா ஆசைக்கும் உவமையாக எடுத்தாண்டனர். இங்கிலாந்திலோ அச்சிற்றுயிர் முதலில் அழகுப் பொருளாகவும், பின்னர் ஆராய்ச்சிப் பொருளாகவும், இறுதியில் நாட்டின் காற்றுக்கும் நிலத்துக்கும் நேர்ந்தவற்றை உரைக்குஞ் சான்றாகவும் கொள்ளப்பட்டது. இம்மாற்றம் நிகழ ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் சென்றன. இதனை நிகழ்வித்தோரிற் பலர் விலங்கியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். வீட்டுத் தோட்டத்திலும் அயலிலுள்ள காட்டிலும் இரவில் விளக்கேற்றி வைத்து, விடியலில் எழுந்து, வந்து தங்கிய பூச்சிகளை இனம் பிரித்து எண்ணி ஏட்டில் எழுதியவர்களே அவர்கள். சேர்த்து வைத்தல் வேறு, எண்ணி வைத்தல் வேறு என்பதை அவர்கள் படிப்படியாக உணர்ந்துகொண்ட வகையே இவ்வரலாற்றின் உயிர்நிலையாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரில் வண்ணத்துப்பூச்சிகளிலும் விட்டில்களிலும் ஈடுபாடு கொண்டோர் சிலர் ஒரு சங்கமாகக் கூடினர். கூட்டுப்புழுவின் பொன்னிறத்தைக் கருதி, இலத்தீன் மொழியிற் பொன்னைக் குறிக்குஞ் சொல்லின் அடியாகத் தம்மை ‘ஒறீலியர்’ என அழைத்துக்கொண்டனர். கோண்ஹில் பகுதியிலே ‘அன்னம்’ என்னும் பெயருடைய ஒரு தவறணையில் அவர்தம் கூட்டங்கள் நடைபெற்றன; சேகரித்த பூச்சிகளும் நூல்களும் அங்கேயே வைக்கப்பட்டிருந்தன. 1748 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பகுதியில் மூண்ட பெருந்தீ அவையனைத்தையும் சாம்பராக்கிற்று. கூட்டத்திலிருந்தோர் தொப்பியையும் கைத்தடியையும் எடுக்க நேரமின்றி உயிர்தப்பினர் என்பது மோசசு ஹாரிசு என்பார் 1766 இல் வெளியிட்ட ‘ஒறீலியன்’ என்னும் நூலால் அறியப்படும். உலர்ந்த உடல்களைப் பேழையில் அடுக்கி வைப்பதொன்றே அறிவைப் பேணும் வழியாயின், ஒரு தீ அவ்வறிவு முழுவதையும் அழிக்கவல்லது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாய் நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வீடுபாடு பெருகிற்று. காலத்துக்கேற்ற முறைகளும் வகுக்கப்பட்டன. இளவேனிலின் தொடக்கத்தில் வில்லோ மரம் பூக்கும்போது அதன் பூங்கொத்துக்களை விளக்கொளியில் ஆராய்ந்தனர். கோடையிலே வெல்லப்பாகுடன் மதுவைக் கலந்து அந்தி வேளையில் மரத்தண்டுகளிற் பூசி, அதனை உண்ண வரும் விட்டில்களைக் கண்டனர். இலையுதிர்காலத்தில் ஐவிக் கொடியின் பூக்களை நாடினர். ஏனைய பூச்சிகள் அடங்கிவிடுங் குளிர்காலத்திலும் இவர்க்கு வேலை இருந்தது. நவம்பர், டிசம்பர் மாதங்களிற் பறப்பது பனிக்கால விட்டில். அதன் பெண்ணினம் பறத்தற்குரிய சிறகின்றி மரத்தண்டில் ஊர்ந்தேறும். இவ்வாறு ஆண்டின் எல்லாப் பருவத்துக்கும் உரிய விட்டில்கள் அறியப்பட்டன. எனினும் அக்காலத்தார் மதித்தது அருமையையே. காணுதற்கரிய ஓர் இனம் கிடைத்த நாள் கவனமாக எழுதப்பட்டது. நாள்தோறும் வரும் எளிய இனங்களோ எண்ணப்படாமலே விடப்பட்டன.

இக்குறையின் விளைவை மான்செஸ்ரர் நகரின் கதை புலப்படுத்தும். வெண்ணிறத்தின்மேற் கருமணல் தூவினாற்போலத் தோன்றும் மிளகுப்புள்ளி விட்டில், இலைக்கன் என்னும் பாசி போன்ற படலம் படர்ந்த மரப்பட்டையிற் பகற்பொழுதில் அமர்ந்திருக்குமாயின் பறவையின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. 1848 ஆம் ஆண்டில் அந்நகரில் முற்றுங் கரிய விட்டிலொன்று பிடிக்கப்பட்டது. எடில்ஸ்ரன் என்பார் 1864 இல் அதனைப் பற்றிய குறிப்பை வெளியிட்டார். ஆலைகளின் புகை இலைக்கன்களை அழித்து மரங்களைக் கரியாக்கியது. 1895 ஆம் ஆண்டளவில் அந்நகரின் அயலிற் காணப்பட்ட மிளகுப்புள்ளி விட்டில்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக் கருநிறத்தனவாயின. ஒரு மனிதனின் வாழ்நாளுக்குட் குறுகிய ஐம்பது ஆண்டுகளில் ஓர் உயிரினத்தின் நிறம் ஒரு மாவட்டத்தில் மாறிற்று. உலக வரலாற்றில் இயற்கைத் தேர்வின் செயல் இத்துணை வெளிப்படையாகத் தோன்றிய இடங்கள் சிலவே. ஆயினும் அந்த ஐம்பது ஆண்டுகளின் இடைநிலைகளை ஆண்டு தவறாமல் எண்ணிக் காட்டும் ஏடு இல்லை. தொடக்கத்தில் ஒரு கரிய விட்டிலும் முடிவில் ஒரு விழுக்காடுமே வரலாற்றுக்கு எஞ்சின.

எஞ்சிய அவ்விரண்டைக் கொண்டே அறிஞர் சிந்திக்கலாயினர். கறுத்த மரத்தில் வெண்ணிற விட்டில்களைப் பறவைகள் எளிதிற் கண்டு உண்டமையே மாற்றத்துக்குக் காரணம் என 1896 இல் றற் என்பார் விளக்கம் கூறினார். 1924 இல் ஹால்டேன் கணித முறையால் அதனை ஆராய்ந்து, வெண்ணிறத்தவை இரண்டு பிழைக்குமிடத்துக் கருநிறத்தவை மூன்று பிழைத்திருத்தல் வேண்டுமென்று காட்டினார். இது துணிந்த கணக்கே. ஆயினும் தோட்டத்திலும் காட்டிலும் அதனைச் சோதித்துப் பார்த்தவர் அன்று இலர்.

எண்ணும் முறைக்கு உறுதியான அடிப்படை இடப்பட்ட இடம் ஹாட்போட்ஷயரிலுள்ள றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையமாகும். அங்கே 1933 ஆம் ஆண்டில் சி. பி. வில்லியம்ஸ் என்னும் பூச்சியியலார் வயலொன்றின் ஓரத்தில் ஓர் ஒளிப்பொறியை நிறுவினார். வலைகொண்டு திரிந்த பழைய சேகரிப்பாளர் தாம் விரும்பியதைத் தேடிச் சென்றனர். பொறியோ அவ்வாறு தெரிந்தெடுப்பதன்று. ஒரே இடத்தில், ஒரே விளக்கோடு, இரவுதோறும் வந்ததை ஏற்பது. அரியது, எளியது என்னும் வேறுபாடு அதற்கில்லை. நான்காண்டுக் கணக்கில் 240 இனங்களைச் சேர்ந்த 15,609 பெருவிட்டில்கள் பதிவாயின. அவற்றுள் 35 இனங்கள் ஒவ்வொன்றே அகப்பட்டவை. மிகச் சில இனங்களே தொகையிற் பெரும்பங்கை நிரப்பின. இவ்வெண்களையும் மலாயாவின் வண்ணத்துப்பூச்சிக் கணக்கையும் ஆதாரமாகக் கொண்டு பிஷர், கோர்பெற், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 1943 இல் வெளியிட்ட கட்டுரை, இனங்களின் தொகைக்கும் தனியுயிர்களின் தொகைக்கும் உள்ள தொடர்பைக் கணிதத்தால் விளக்கிற்று. இன்றும் உயிர்வளத்தை அளப்போர் அக்கட்டுரையை அடிப்படை நூலாகக் கொள்வர்.

பொறியின் குறைகளையும் வில்லியம்ஸ் அறிந்திருந்தார். நிலவு எறிக்கும் பூரணை இரவுகளில் வரவு குறைந்தது. இருண்ட இரவுகளிற் கூடிற்று. வெப்பமும் காற்றும் மழையும் வரவை மாற்றின. எனவே ஓரிரவின் எண்ணிக்கை அவ்விடத்து விட்டில்களின் உண்மைத் தொகையன்று. ஒரே முறையைப் பல்லாண்டு மாற்றாது கையாளும்போது மட்டுமே நிலவாலும் மழையாலும் வரும் ஏற்றத்தாழ்வுகள் தம்முள் ஒன்றையொன்று சரிசெய்ய, நெடுங்கால மாற்றம் தெளிவுபடும். பதிவுக்கு உயிர் கொடுப்பது இடையறாமையே என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இம்முயற்சி பல திசைகளில் விரிந்தது. மருத்துவராயிருந்து பூச்சியாராய்ச்சியில் ஈடுபட்ட கெற்றில்வெல் 1953 இல் பேர்மிங்ஹாம் அயலிலுள்ள கரிபடிந்த காட்டிலும், 1955 இல் டோசெற் மாவட்டத்தின் தூய காட்டிலும் அடையாளமிட்ட விட்டில்களை விடுத்து மீளப் பிடித்தார். முன்னையதில் கருநிறத்தவை ஏறத்தாழ இருமடங்கு விழுக்காட்டில் மீண்டன. பின்னையதில் வெண்ணிறத்தவை அவ்வாறு மீண்டன. ஒக்ஸ்போட் அயலிலுள்ள வைதம் காட்டிலே 1950 முதலாக வார்லியும் கிறாட்வெலும் ஏறத்தாழ இருபதாண்டு பனிக்கால விட்டிலைக் கணக்கெடுத்தனர். கார்த்திகை மார்கழியில் ஓக்கு மரத்தண்டில் ஏறும் சிறகற்ற பெண்விட்டில்களையும், இளவேனில் முடிவிற் கூட்டுப்புழுவாதற்கு மண்ணில் விழும் புழுக்களையும் அவர்கள் எண்ணினர். மரம் தளிர்க்கும் நாளும் முட்டை பொரிக்கும் நாளும் ஒத்துவராத ஆண்டுகளிற் புழுக்கள் உணவின்றிப் பெருந்தொகையாக மடிந்தன என்னும் உண்மை அக்கணக்கிற் புலப்பட்டது.

மருத்துவப் பேராசிரியராயிருந்த சேர் சிறில் கிளாக்கின் பதிவு தனித்துக் கூறத்தக்கது. தாய்க்கும் சேய்க்கும் குருதி ஒவ்வாமையால் விளையும் றீசசு நோயைத் தடுக்கும் முறையைக் கண்டோருள் அவர் ஒருவர். லிவர்பூலுக்கு அண்மையில், விறல் குடாநாட்டிலிருந்த தம் இல்லத்தில் 1959 முதல் மிளகுப்புள்ளி விட்டில்களைப் பொறியிற் பிடித்து எண்ணலானார். தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை கருநிறத்தனவே. 1952 இல் இலண்டனில் பல்லாயிரவரைக் கொன்ற புகைமூட்டத்தின் பயனாக 1956 இல் தூயகாற்றுச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. காற்றுத் தெளியத் தெளியக் கருவிட்டில்கள் குறைந்தன. 1990களின் நடுப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்கினுங் குறைந்தன. மான்செஸ்ரரில் ஏற்றம் நிகழ்ந்தபோது ஆண்டுதோறும் எண்ணுவாரில்லை. விறலில் இறக்கம் நிகழ்ந்தபோது ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேலாக எண்ணிக்கொண்டிருந்தார். ஏற்றம் ஊகத்தால் அறியப்பட்டது. இறக்கம் ஏட்டால் அறியப்பட்டது.

அவ்வேட்டின் பெறுமதி பின்னொரு காலத்தில் வெளிப்பட்டது. கெற்றில்வெலின் சோதனை முறைகள் குறைபாடுடையன என்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டனங்கள் எழுந்தன. கூர்ப்புக் கொள்கையையே மறுப்போர் அவற்றைத் தமக்குத் துணையாகக் கொண்டனர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து மைக்கல் மஜரசு வாதத்தால் விடையிறுக்க முற்படவில்லை. 2001 முதல் 2007 வரை தம் தோட்டத்தில் 4,864 விட்டில்களை விடுத்து, பறவைகள் எவற்றை உண்டன என்று நேரிற் கண்டு பதிந்தார். முடிவுகளை அவர் முறையாக வெளியிடுமுன் 2009 இற் காலமானார். நண்பர்கள் அவருடைய பதிவுகளைக் கொண்டு 2012 இற் கட்டுரையை வெளியிட்டனர். பறவைகளின் வேட்டையே காரணம் என்னும் கொள்கை நிலைபெற்றது. 2016 இல் லிவர்பூல் ஆய்வாளர் கருநிறத்துக்குக் காரணமான பரம்பரையலகு மாற்றத்தையும் கண்டறிந்து, அது 1819 ஆம் ஆண்டளவில் தோன்றியிருத்தல் கூடும் எனக் கணித்தனர்.

இதற்கிடையே றொதம்ஸ்ரெட்டில் எல். ஆர். டெயிலர் 1960 இல் பழைய இடத்திலேயே ஒளிப்பொறியை மீண்டும் ஏற்றினார். 1968 அளவில் ஒரேவகைப் பொறிகள் நாடெங்கும் பரந்தன. தன்னார்வலர் பலர் அவற்றைக் காத்துவந்தனர். 1968 முதல் 2002 வரையுள்ள கணக்கை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. ஆராயப்பட்ட 337 பொதுவான இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தன. 2021 இல் வெளிவந்த அறிக்கை ஐம்பது ஆண்டுகளிற் பெருவிட்டில்களின் மொத்தத் தொகை நூற்றுக்கு 33 குறைந்ததெனக் காட்டிற்று. தென்பகுதியில் 39, வடபகுதியில் 22. ஒரு காலத்திற் சிறுவரும் அறிந்திருந்த தோட்டப்புலி விட்டில் 1968க்கும் 2002க்குமிடையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அருகிற்று. அதன் மயிர்க்கொட்டி குளிர்காலத்தைப் புழுவாகவே கழிப்பது. ஈரமும் இளஞ்சூடும் மிக்க குளிர்காலங்கள் அதற்கு ஒவ்வாதன. மறுபுறத்தில் இலைக்கன்களை உண்டு வாழும் விட்டில்களிற் பல பெருகின. கருவிட்டிலைக் குறைத்த அதே தூய காற்று இவற்றை வளர்த்தது.

இவ்வீழ்ச்சியின் தன்மை கருதற்பாலது. அருகியவை அரிய இனங்களல்ல. எவரும் பொருட்படுத்தாத எளிய இனங்களே. அரியதை மட்டும் போற்றிய பழைய சேகரிப்பாளரின் பேழைகள் எத்தனை நிறைந்திருப்பினும் இவ்விழப்பை அவற்றால் அறிதல் இயலாது. எண்ணியவர்களின் ஏடு இருந்தமையாலேயே இழப்பு இழப்பென உணரப்பட்டது. 2019 இல் வெளியான பிரித்தானிய, அயர்லாந்துப் பெருவிட்டில்களின் பரம்பற் படநூல் 893 இனங்களைப் பற்றிய இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகளைத் தாங்கி நிற்கின்றது. அவற்றின் மிகப்பெரும் பகுதி தன்னார்வலரின் கைப்பட எழுந்தது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றின் முற்பகுதியோடு தொடர்புண்டு. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்சின் முயற்சியாலும், டி அல்விஸ் குடும்பத்துச் சித்திரகாரர் உயிருள்ள புழுக்களைப் பார்த்து வரைந்த வண்ணப்படங்களின் துணையாலும், பிரெடரிக் மூர் என்பார் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றி மூன்று பாகங்கொண்ட நூலை 1880 முதல் 1887 வரையில் இலண்டனில் வெளியிட்டார். 1893 இல் ஹாம்சன் இலங்கை விட்டில்களைப் பற்றி வேறொரு நூல் வெளியிட்டார். எவ்வினங்கள் இத்தீவில் இருந்தன என்பதை அந்நூல்கள் சிறப்பாக உரைக்கும். ஆயின் மாரிகாலத்து ஓரிரவிற் பேராதனையில் ஒரு விளக்கை நாடி எத்தனை விட்டில்கள் வந்தன, அடுத்த தலைமுறையில் எத்தனை வந்தன என்னும் வினாக்களுக்கு அவை விடை தரமாட்டா. அது அவற்றின் நோக்கமுமன்று. பெயர்ப்பட்டியல் முதற்படி; கணக்கு இரண்டாம் படி. முதற்படியை முன்னோர் இட்டுச் சென்றனர்.

இரண்டாம் படிக்கு வேண்டும் பொருள்கள் சிலவே: ஒரு விளக்கு, ஒரு பெட்டி, ஓர் ஏடு, இனங்களை வேறுபடுத்தும் பயிற்சி. இடமும் விளக்கும் நேரமும் மாறாதிருத்தல் வேண்டும். வந்தது எழுதப்படுவதுபோல வாராமையும் எழுதப்படல் வேண்டும். ஒரு விட்டிலும் வாராத இரவின் கீழே நாளைக் குறித்துச் சுழியம் இட்டு வைத்தவரின் ஏடே, பின்வந்தோர் நம்பிக் கணக்கிடத்தக்க ஏடாயிற்று.